உறங்கி எழுந்த ஆமைக்கு முதலில் தண்ணீர்

மூன்று நான்கு மாதம் ஒரு வாய் உணவில்லாமல் கிடந்த உயிர், கண் விழித்ததும் இலையைத்தான் தேடும் என்று நினைப்போம். அதனால் குளிர்கால உறக்கம் முடிந்து பெட்டிக்குள் ஆமை அசையத் தொடங்கியதும் பலருடைய கை முதலில் கீரைக்குத்தான் போகிறது. ஆமை அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் போகிறது, மூன்று நாள் போகிறது. வளர்ப்பவருக்குக் கவலை வந்துவிடுகிறது. வேறு இலை, பூ, பழம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். பெரும்பாலும் கோளாறு இலையில் இருக்காது. அந்த ஆமைக்குத் தாகம். உடம்பில் நீர் ஏறாமல் அதற்குப் பசி எடுக்காது. அதற்கும் முன்னால், உடம்பு சூடேறாமல் அது தண்ணீரும் குடிக்காது.

ஆக வரிசை இதுதான்: வெப்பம், பிறகு தண்ணீர், பிறகு உணவு. ஏன் இந்த வரிசை என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். அதனால் செய்முறைக்குப் போகுமுன் ஆமையின் உடம்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

எந்த ஆமை உறங்கும்?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே பேசுவது நில ஆமைகளைப் பற்றி மட்டுமே; குளத்திலும் ஆற்றிலும் வாழும் ஆமைகளின் சங்கதி வேறு. வீடுகளில் வளர்க்கப்படும் நில ஆமைகளில் குளிர்காலம் முழுக்க உறங்குபவை பெரும்பாலும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பகுதிகளையும் நடு ஆசியாவையும் சேர்ந்தவை. ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை, ஓட்டின் விளிம்பு பாவாடைபோல் விரிந்திருக்கும் மார்ஜினேட்டட் ஆமை, ரஷ்ய ஆமை என்றும் அழைக்கப்படும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை ஆகியவை இந்தக் கூட்டம்.

நட்சத்திர ஆமை, சிறுத்தை ஆமை, சல்கேட்டா, செங்கால் ஆமை ஆகியவை வெப்ப நிலத்து ஆமைகள். இவற்றுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. குளிரில் இவை சோர்ந்து ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்து ‘தூங்குகிறது’ என்று விட்டுவிட்டால் நிமோனியாதான் வரும். இந்த இனங்கள் குளிர்காலத்திலும் சூடாக, விழித்தபடி இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நட்சத்திர ஆமை 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, வணிகத்துக்காக அதை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. மேலே சொன்ன மற்ற ஆமைகளின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. உரிய ஆவணம் இல்லாத ஆமையை எவ்வளவு ஆசை இருந்தாலும் வாங்காதீர்கள்.

உறக்கத்தில் உள்ளே நடப்பது

ஆமை தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதுவும் குளிரும். இதயத் துடிப்பும் மூச்சும் மிக மிக மெதுவாகும். குடல் ஏறக்குறைய நின்றே போகும். உறங்கும் ஆமையை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பது வழக்கம். 3 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே இருந்தால் கவலையில்லை. உறைநிலைக்குக் கீழே போனால் திசுக்கள் உறைந்து சேதமாகும், கண்பார்வையே போய்விடலாம். 10 டிகிரியைத் தாண்டினால் அரைத் தூக்கத்தில் உடம்பு இயங்கத் தொடங்கி, சேமிப்பைக் கரைக்கும். (வெப்பநிலையை நிலையாக வைப்பதற்கென்றே தனியாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி, அதில் ஆமையை உறங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவ்வப்போது கதவைத் திறந்து காற்றை மாற்றிவிட்டால் அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.)

இவ்வளவு மெதுவானாலும் உடம்பு முழுசாக நின்றுவிடுவதில்லை. கொழுப்பும், கல்லீரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. உடம்பின் புரதம் சிதையும்போது கழிவு உண்டாகிறது. விழித்திருக்கும் காலத்தில் இந்தக் கழிவு சிறுநீரோடு போய்விடும். உறக்கத்தில் அதற்கு வழியில்லை. அதனால் யூரியாவும் யூரிக் அமிலமும் மாதக்கணக்கில் உள்ளேயே தங்கிச் சேர்கின்றன.

இங்கேதான் ஆமையின் சிறுநீர்ப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்குச் சிறுநீர்ப்பை என்பது வெளியேற்றப்போவதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் இடம். ஆமைக்கு அது கோடைக்கென்று நிரப்பி வைத்த தொட்டி. அதன் சுவர் வழியே நீரைத் திரும்பவும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ள ஆமையால் முடியும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வாழும் ஆமை, மழையே பெய்யாத மாதங்களை இந்தச் சேமிப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது. காட்டில் அந்த ஆமையைக் கண்டால் கையில் தூக்காதீர்கள் என்று அங்கே பார்வையாளர்களுக்குச் சொல்வதன் காரணமும் இதுதான்: பயத்தில் அது சிறுநீரைக் கழித்துவிட்டால், அடுத்த மழை வரை அதற்குக் கையிருப்பு இல்லை.

உறங்கும் செல்ல ஆமைக்கும் இதே கணக்கு. உறக்கத்தின் நடுவில் பெட்டிக்குள் சிறுநீர் கழித்திருப்பது தெரிந்தால், ‘பரவாயில்லை, இன்னும் ஒரு மாதம்தானே’ என்று விடக் கூடாது. அன்றோடு உறக்கத்தை முடித்து, எழுப்பிவிட வேண்டும். தொட்டி காலியான பிறகு அது இழக்கும் ஒவ்வொரு துளியும் நேராக உடம்பிலிருந்து போகிறது.

ஆக, வசந்தத்தில் எழும் ஆமையின் நிலை இது: இரத்தம் கெட்டியாக இருக்கிறது, கழிவு ஏறியிருக்கிறது, சிறுநீர்ப்பையில் எஞ்சியிருப்பது அடர்ந்த பழைய சிறுநீர். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் குறைந்து கிடக்கின்றன. யூரியா ஏறிய உடம்புக்குப் பசி வராது. அந்தக் கழிவைக் கழுவி வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குத் தேவை நிறையப் புதுத் தண்ணீர். ஆமை முதல் முறை நன்றாகக் குடித்ததும் தேக்கி வைத்த பழைய சிறுநீரை மொத்தமாக விட்டுவிடும். அதன் பிறகு சில நாட்களில் பசி திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எழும் நாள்

உறங்கும் இடத்தின் வெப்பநிலை 10 டிகிரியை நெருங்கும்போது ஆமை கால் நீட்டும், தலையை அசைக்கும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் எழுப்பும் நாளை நீங்கள்தான் குறிக்க வேண்டும். பெட்டியோடு எடுத்து, வீட்டின் சாதாரண வெப்பத்தில் சில மணி நேரம் வையுங்கள். குளிரிலிருந்து நேராகச் சூட்டு விளக்குக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

ஆனால் அந்தச் சில மணி நேரத்தை நாள் கணக்கில் இழுக்கவும் வேண்டாம். விழிக்கும்போது ஆமையின் கல்லீரல், மிச்சமிருக்கும் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. எழுந்து நடந்து, வெயில் தேடி, தண்ணீர் தேடிப் போவதற்கு இயற்கை கொடுக்கும் வழிச்செலவு அது. ஒரு முறைதான் கிடைக்கும். அது தீர்வதற்குள் ஆமை சூடேறி, குடித்து, சாப்பிடத் தொடங்கிவிட வேண்டும். 15 டிகிரி மாதிரியான அரைகுறை வெப்பத்தில் வைத்திருந்தால், விழித்திருக்கும் அளவுக்கு உடம்பு செலவழிக்கும். சாப்பிட்டுச் செரிக்கும் அளவுக்கு இயங்காது. குளுக்கோஸ் தீர்ந்ததும் ஆமை மறுபடி ஒடுங்கிவிடும். வசந்தத்தில் மருத்துவரிடம் வரும் ‘எழுந்தது, ஆனால் சாப்பிடவே இல்லை’ என்ற ஆமைகளில் பல இப்படி அரைச் சூட்டில் விடப்பட்டவை. ‘பழையபடி தூங்கட்டும்’ என்று திரும்பக் குளிருக்கு அனுப்புவது அதைவிட ஆபத்து. ஒரு முறை எழுந்த ஆமையை அந்தப் பருவத்தில் மறுபடி உறங்க வைக்கக் கூடாது.

முதல் நாளே விளக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆமை வெயில் காயும் இடத்தில், அதன் ஓட்டு மட்டத்தில் 30 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். மற்ற இடம் 20 முதல் 25 டிகிரி இருக்கலாம். சூடு வேண்டாதபோது ஒதுங்க நிழல் இருக்க வேண்டும். வெறும் சூடு மட்டும் போதாது. நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆமைக்குப் பசியைத் தூண்டுவதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு இருந்தால்தான் அதன் தோலில் டி3 வைட்டமின் உண்டாகி, உணவிலுள்ள கால்சியம் உடம்பில் சேரும். சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன வருட விளக்கையே போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: யூவிபி விளக்கு பார்க்கப் பளிச்சென்று எரிந்தாலும் அந்தக் கதிர் மட்டும் நாளாக நாளாகக் குறைந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். பல விளக்குகளுக்கு அது 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்.

எடை, கண், வாய்

குளிப்பாட்டும் முன் எடை பாருங்கள். சமையலறைத் தராசு மாதிரி கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை ஆமைக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. உறங்கப் போகும்போது குறித்து வைத்த எடையோடு ஒப்பிடுங்கள். நல்ல ஆரோக்கியமான ஆமை உறக்கத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் இழக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. மொத்த இழப்பு 10 சதவீதத்தை எட்டக் கூடாது. 1,000 கிராமோடு உறங்கப் போன ஆமை 960 கிராமோடு எழுந்தால் நிம்மதி. 900 என்று தராசு காட்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பழைய வளர்ப்பாளர்களிடம் ‘ஜாக்சன் விகிதம்’ என்ற பேச்சு அடிபடும். ஓட்டின் நீளத்துக்கு எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பார்க்கும் வரைபடம் அது. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஆலிஃபன்ட் ஜாக்சன் உருவாக்கியது. அது ஹெர்மன் ஆமைக்கும் கிரேக்க ஆமைக்கும் போட்ட கணக்கு. உருண்டையான ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் தவறான பதில்தான் வரும். என்னைக் கேட்டால், வரைபடத்தைவிட உங்கள் ஆமைக்கென்று நீங்களே வாராவாரம் எழுதி வைக்கும் எடைக் குறிப்பு பல மடங்கு பயனுள்ளது.

பிறகு உடம்பைப் பாருங்கள். கண் இரண்டும் திறந்து, தெளிவாக, சற்றுப் புடைத்தாற்போல இருக்க வேண்டும். குழிக்குள் இறங்கியிருந்தால் நீர் வற்றியிருக்கிறது. கழுத்தருகிலும் பின்னங்கால் இடுக்கிலும் தோல் காகிதம்போல் வறண்டு தொங்குவதும் அதே அடையாளம். வாயைத் திறக்கும்போது எச்சில் நூலாக ஒட்டினால் அதுவும் தாகம்தான். மூக்கில் சளி, குமிழி இருக்கக் கூடாது. வாயின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாக, பாலாடைக்கட்டித் துணுக்குபோல் ஏதாவது படிந்திருந்தால் அது வாய்ப்புண் நோய். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் இந்தக் காலத்தில் அது வேகமாகப் பரவும். வாய் வலிக்கிற ஆமை சாப்பிடவே சாப்பிடாது, எத்தனை முறை குளிப்பாட்டினாலும். வாயைப் பார்ப்பதற்காக அலகைப் பிடித்து நெம்பிக்கொண்டு நிற்க வேண்டாம். உங்களால் பார்க்க முடியவில்லை என்றால் அதை மருத்துவர் செய்யட்டும்.

குளியல்

ஆமைக்குத் தண்ணீர் கொடுக்கச் சிறந்த வழி அதைத் தண்ணீரில் நிற்க வைப்பது. கிண்ணத்தில் வைத்தால் பல ஆமைகள் கண்டுகொள்வதே இல்லை. காலடியில் நீர் இருந்தால் தலையைத் தாழ்த்திவிடும்.

ஆமை சுலபமாக நிற்கக்கூடிய, அது ஏறி வெளியே வர முடியாத அளவு உயரச் சுவருள்ள ஒரு பேசின் போதும். ஒளி ஊடுருவாத பேசினாக இருந்தால் நல்லது. கண்ணாடிபோல் தெரியும் பாத்திரத்தில், வெளியே போய்விடலாம் என்று எண்ணி ஆமை சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக, 27 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கட்டும். உங்கள் மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சந்தேகம் இருந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆழம் முக்கியம்: மேல் ஓடும் அடி ஓடும் பக்கவாட்டில் சேரும் கோடு வரை நீர் வந்தால் போதும். ஆமை கழுத்தை நீட்டினால் தாடை நீரைத் தொட வேண்டும்; தலையைத் தூக்கினால் மூக்கு தாராளமாக நீருக்கு மேலே இருக்க வேண்டும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. பலவீனமான ஆமை நாலு விரற்கடை நீரிலும் மூழ்கிச் சாகும். அதனால் போன் வந்தாலும் சரி, வாசலில் யாராவது கூப்பிட்டாலும் சரி, ஆமையைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

15 முதல் 20 நிமிடம். இடையில் நீர் ஆறினால் கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக் கலக்குங்கள், ஆமையின் மேலே ஊற்றாமல். குடிக்கும் ஆமையை அடையாளம் காண்பது எளிது: முகத்தை மூக்கு வரை நீரில் அமிழ்த்தி அசையாமல் நிற்கும், தொண்டை மட்டும் சீராக ஏறி இறங்கும். சில ஆமைகள் இப்படி ஐந்து நிமிடத்துக்கு மேல் தலை தூக்காமல் குடிக்கும். பார்ப்பவர்களுக்கு மூச்சுமுட்டும், ஆமைக்கு ஒன்றுமில்லை. வால் பக்கத்துத் துவாரம் வழியாகவும் ஆமை நீரை உறிஞ்சும் என்று வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, வாய்க்கு எட்டாத ஆழத்தில் நீர் வைத்துவிடாதீர்கள்.

பலருக்குத் தராசு இங்கேயும் உதவும். குளியலுக்கு முன்னும், துடைத்த பின்னும் எடை பாருங்கள். 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம். 940 கிராமாக உள்ளே போன ஆமை 970 கிராமாக வெளியே வந்தால் 30 மில்லிலிட்டர் குடித்திருக்கிறது. எடை ஏறவில்லை, ஆனால் நீர் கலங்கியிருக்கிறது என்றால் குடித்த அளவுக்குக் கழித்தும் இருக்கலாம். அதுவும் நல்ல செய்தியே. தொடர்ந்து சில நாள் எடையும் ஏறாமல் கழிவும் வராமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நீரில் வெள்ளையாக ஏதோ வந்திருக்கிறதே என்று முதல் முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள். அது யூரேட். யூரிக் அமிலம் நீரில் அவ்வளவாகக் கரையாது. ஆமை அதை வெண்குழம்பாக வெளியேற்றும். நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் உடம்புக்கு ஏற்ற முறை இது. பார்க்க வேண்டியது அதன் பதத்தை. வழவழப்பாக, மெல்லிய பசைபோல் இருந்தால் சரி. உறக்கத்துக்குப் பின் முதல் ஓரிரு முறை கொஞ்சம் கெட்டியாக வருவது எதிர்பார்க்கக் கூடியதே. மணல்போல் நறநறத்தால், சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகியிருந்தால் உடம்பில் நீர் இன்னும் போதவில்லை. இந்த நிலை நீடித்தால் சிறுநீர்ப்பையிலேயே கல் உருவாகும். மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் யூரிக் அமிலம் படியும் கௌட் நோயும் வரக்கூடும்.

முதல் இரண்டு வாரம் தினமும் குளிப்பாட்டுங்கள். காலையில் செய்வது நல்லது. குளித்த ஆமை நாள் முழுவதும் விளக்கின் கீழ் காய்ந்து சூடேற நேரம் கிடைக்கும். துடைக்காமல் குளிர்ந்த இடத்தில் விடக் கூடாது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். இருப்பிடத்தில் ஆமை உள்ளே இறங்கி நிற்கக்கூடிய ஆழமற்ற தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். அதில் கழிவு போட்டுவிட்டால் உடனே மாற்றுங்கள்.

ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, மனிதருக்கு ஆகும். குளிப்பாட்டும் பேசினைச் சமையல் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள். அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கையையும் சேர்த்து.

சாப்பாடு, கடைசியாக

எழுந்த ஓரிரு நாளில் ஆமை குடித்திருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாவது நாளிலிருந்து காலையில் கொஞ்சம் இலை வைத்துவிடுங்கள். சாப்பிடாவிட்டால் மாலையில் எடுத்துவிடலாம். தொந்தரவு செய்து ஊட்ட வேண்டாம். முதலில் இரண்டு கடி, மறுநாள் ஐந்து கடி என்றுதான் தொடங்கும். குடல் மாதக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறது. நாரைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் பழைய எண்ணிக்கைக்கு வரவும் நாள் பிடிக்கும்.

இந்த மத்தியதரைக் கடல் ஆமைகள் காட்டில் தின்பது பெரும்பாலும் களைச்செடிகள். டேன்டெலியன், இலையில் நரம்பு நீளவாக்கில் ஓடும் பிளான்டெய்ன் களை, குளோவர் மாதிரி நார் மிகுந்த இலைகளே அவற்றுக்கு ஏற்றவை. பூச்சிமருந்து படாத இடத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். இலையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டவே வையுங்கள். அந்த ஈரமும் உள்ளே போகட்டும். வெள்ளரிக்காய் பெரும்பாலும் தண்ணீர்தான், சத்து குறைவு. தலையைத் திருப்பிக்கொள்ளும் ஆமைக்கு ஆசை காட்ட ஓரிரு நாள் உதவும். அதையே சாப்பாடாக்க வேண்டாம். பழத்தின் சர்க்கரை இப்போதுதான் விழித்த குடலைக் கலக்கிவிடும். நாய், பூனை உணவு, இறைச்சி, முட்டை எதுவும் இந்த ஆமைகளுக்கு ஆகாது. அதிகப் புரதம் என்றால் அதிக யூரிக் அமிலம், அதைக் கழிக்க இன்னும் அதிகத் தண்ணீர். சாப்பிடத் தொடங்கிய பிறகு கால்சியம் பொடியை இலைமேல் லேசாகத் தூவலாம், அல்லது கணவாய் ஓடு ஒன்றைப் போட்டு வைக்கலாம். வேண்டும்போது அதுவே கடித்துக்கொள்ளும்.

எப்போது மருத்துவர்?

சரியான வெப்பம், வெளிச்சம், தினக் குளியல் எல்லாம் கொடுத்தும் ஒரு வாரம் ஆமை எதையும் தின்னவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவரிடம். எழுந்தபின் எடை குறைந்துகொண்டே போவது, கண் வீங்குவது அல்லது திறக்காமலே இருப்பது, மூக்கில் சளி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டித் திணறுவது, அடி ஓட்டில் சிவப்புத் திட்டு, பின்னங்காலை இழுத்து நடப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். கண்ணில் புறக்காயம் ஏதும் இல்லாமல், எதிரில் வைத்த இலையை ஆமை காணவே இல்லை, ஒரே பக்கமாகச் சுற்றுகிறது என்றால் உறக்கத்தின்போது பனியில் பார்வை பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். இரத்தத்தில் யூரியா, யூரிக் அமிலம், குளுக்கோஸ் அளவைப் பார்ப்பார். வாயிலிருந்து வயிற்றுக்குக் குழாய் விட்டோ ஊசி வழியாகவோ திரவம் ஏற்றுவார். தொற்று இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார். இந்தக் குழாய் வேலையை வீட்டில் சிரிஞ்ச் வைத்து நாமே செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வாயில் பீய்ச்சும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் தாகத்தைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். வைட்டமின் ஏ ஊசி போட்டால் பசி வரும் என்ற யோசனையும் காதில் விழும். இலை தின்னும் நில ஆமைக்கு அந்த வைட்டமின் குறைவது அரிது. அளவு மீறினால் தோல் உரிந்து ரணமாகும்.

நன்றாகத் தேறிவரும் ஆமைக்கும் வசந்தத்தின் நடுவில் திடீரென்று வரும் குளிர் நாட்கள் ஒரு சோதனை. நாலு நாள் வெயிலில் ஓடியாடிய ஆமை, ஐந்தாம் நாள் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். காட்டு ஆமை அப்படித்தான் செய்யும், ஆனால் அது மெலிந்து எழுந்த ஆமையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் தாங்காது. அந்த நாட்களில் உள்ளே கொண்டுவந்து விளக்கின் கீழ் வையுங்கள். தோட்டத்திலேயே விட்டிருப்பவர்கள் இரவு வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். சின்னக் குட்டிகளின் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். உடம்பு சிறியதாக இருக்க இருக்க, அதன் அளவுக்கு நீர் இழப்பு வேகமாக இருக்கும். முதல் வருடக் குட்டிகளை உறங்கவே வைக்காமல், அல்லது சில வாரங்களோடு நிறுத்திக்கொள்வது பலருடைய வழக்கம்.

அடுத்த வருடம் இந்தப் பாடு குறைய வேண்டுமானால் வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்குகிறது. உறங்கப் போகும் ஆமையின் குடல் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது குளிரில் செரிக்காமல் அழுகும். அதற்காகப் பெரிய ஆமைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே உணவை நிறுத்திவிடுவோம். அப்போது உணவோடு குளியலையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த வாரங்களில்தான் குளியல் அதிகம் தேவை. குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருக்க வேண்டும். உறங்கப் போகும் நாள் வரை இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது வெதுவெதுப்பான நீரில் நிற்க வைத்துக் குடிக்க விடுங்கள், கடைசிக் குளியலுக்குப் பின் ஈரம் போகத் துடைத்து எடை பார்த்து எழுதி வையுங்கள். இந்த வசந்தத்தில் மிகவும் மெலிந்து எழுந்த ஆமை என்றால், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வரும் குளிர்காலத்தில் அதை உறங்க அனுப்ப வேண்டாம். ஒரு குளிர்காலத்தை விளக்கின் கீழ் விழித்தபடியே கழிப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது.